பழைய ஐரோப்பிய நோட்டுகள்: எது சேகரிப்பு, எது வெறும் காகிதம், எது இன்னும் பணம்?

கேள்வி இது: கப்பலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் விட்டுச் சென்ற பெட்டியில் ஒரு கட்டு ஐரோப்பிய நோட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1910 தேதியிட்ட ஜெர்மன் 1000 மார்க் சில, சிவப்பு எழுத்து குறுக்கே அச்சிட்ட 1922 நோட்டு ஒன்று, 1912 தேதியிட்ட பெரிய ரஷ்ய 500 ரூபிள், முத்திரை குத்திய ஆஸ்திரிய 1000 குரோனன், ஹங்கேரியப் பெங்கோ சில, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட வெள்ளை ஐந்து பவுண்டு, "அவ்வளவு பழையதாகத் தெரியாத" இரண்டு ஜெர்மன் நோட்டுகள். இவற்றை எப்படி அடையாளம் காண்பது, என்ன மதிப்பு பெறும், இணையத்தில் சிலர் லட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்களே, அது உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லட்சங்கள் இல்லை. ஆனால் நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் "பழையதாகத் தெரியாத" இரண்டில் ஒன்றும், அந்த வெள்ளைத் தாளும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தால் வரும் தொகையைவிட அதிகம் பெறக்கூடும்.

புதிதாக நோட்டு பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது இரண்டை: தேதி, தொகை. ஐரோப்பிய நோட்டுகளைப் பொறுத்தவரை ஏமாற்றுவதும் பெரும்பாலும் இந்த இரண்டுதான். ஒரு நோட்டு இன்று அரிதா இல்லையா என்பதை அது எப்போது பிறந்தது என்பது தீர்மானிப்பதில்லை, அது எப்படி இறந்தது என்பதே தீர்மானிக்கிறது. மதிப்போடு இருந்த நோட்டை மக்கள் வங்கியில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள், வங்கி அதை எரித்துவிட்டது. மதிப்பிழந்த நோட்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது அலமாரியிலும் பெட்டியிலும் கட்டுக்கட்டாகக் கிடந்து இன்றுவரை வந்துவிட்டது. அதனால்தான் கோடிக்கணக்கில் எண் போட்ட நோட்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, எளிமையான பத்து மார்க் நோட்டு ஒன்று அதைப்போலப் பல மடங்கு கேட்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று விளங்கும். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். இடைப்பட்ட காலத்தில் அச்சிட்டதற்குக் கணக்கே இல்லை. அரசு அச்சகம் போதாமல் 130க்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களை ரைக்ஸ்பாங்க் என்ற மத்திய வங்கி அமர்த்திக்கொண்டது. முப்பது காகித ஆலைகள் அதற்குத் தாள் செய்து கொடுத்தன. அவசரத்தில் பின்பக்கத்தை அச்சிடாமலே பல நோட்டுகளை விட்டார்கள். இன்று நம் கையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் காலத்துத் தாள்தான்.

உங்கள் 1910 ஆயிரம் மார்க்கைப் பாருங்கள். 21 ஏப்ரல் 1910 என்று தேதி இருக்கும். அந்தத் தேதி அந்த வடிவமைப்பு வெளியான நாள், உங்கள் தாள் அச்சான நாள் அல்ல. அதே தேதியோடு 1922 வரை அச்சிட்டிருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? முத்திரையையும் வரிசை எண்ணையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் முந்தைய அச்சு, பச்சையாக இருந்தால் போருக்குப் பிந்தைய அச்சு. 1908 தேதியிட்ட நீளமான நீல நூறு மார்க்கிலும் இதே சிவப்பு, பச்சை வேறுபாடு உண்டு. சிவப்பு முந்தையது என்பதால் அரிதானது என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. பணவீக்கம் முடிந்த பிறகு, சிவப்பு முத்திரை நோட்டுகள் பொற்காலத்து நோட்டுகள், அரசு ஒருநாள் இவற்றைப் பழைய மதிப்புக்கே எடுத்துக்கொள்ளும் என்று ஜெர்மனியில் ஒரு நம்பிக்கை பரவியது. சங்கம் அமைத்தார்கள், வழக்குப் போட்டார்கள், கட்டுக்கட்டாகச் சேர்த்தும் வைத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுகள் பத்திரமாக இருந்தன. ஆகவே சிவப்பானாலும் பச்சையானாலும் புழங்கிய நிலையில் உள்ள ஆயிரம் மார்க் சில நூறு ரூபாய்தான். மடிப்பே விழாத தாளாக இருந்தால் கொஞ்சம் கூடுதல்.

சிவப்பு எழுத்து குறுக்கே போட்ட 1922 நோட்டு, 15 டிசம்பர் 1922 தேதியிட்ட ஆயிரம் மார்க்காகத்தான் இருக்கும். 1923 செப்டம்பரில் அதன்மேல் ஐனே மில்லியார்டே மார்க் என்று மேலச்சிட்டு நூறு கோடி மார்க் ஆக்கினார்கள். ஒரே இரவில் பத்து லட்சம் மடங்கு! கதை பிரமாதம், விலை சொற்பம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஜெர்மன் நோட்டில் மில்லியார்டே என்பது நூறு கோடி, பில்லியன் என்பது லட்சம் கோடி. ஆங்கிலப் பழக்கத்தில் படித்துத் தவறான நோட்டின் விலையைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

எது உண்மையிலேயே அரிது? 15 பிப்ரவரி 1924 தேதியிட்ட நூறு பில்லியன் மார்க், அதாவது நூறு லட்சம் கோடி. ரைக்ஸ்பாங்க் வெளியிட்டதில் மிகப் பெரிய தொகை அது. ஆனால் அது வெளியானபோது பணம் நிலைத்துவிட்டது. லட்சம் கோடி பழைய மார்க் ஒரு புதிய மார்க் என்று விகிதம் வகுத்துவிட்டார்கள். எனவே அந்தத் தாள் நூறு புதிய மார்க்குக்குச் சமம், நல்ல பணம். கையில் வைத்திருந்த எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். அசல் வந்தால் ஏலத்தில் ஆயிரக்கணக்கான யூரோ. அதனாலேயே நினைவுப் பொருளாக விற்கும் நகல்கள் எங்கும் கிடக்கின்றன. உங்களிடம் ஒன்று இருப்பதாக நினைத்தால் முதலில் நகல் என்றே எண்ணிச் சோதியுங்கள். 1923 இறுதியில் வந்த ரென்டன்மார்க் என்ற புதிய பணத்தின் பெரிய நோட்டுகளும், 1924 அக்டோபர் தேதியிட்ட ரைக்ஸ்மார்க் நோட்டுகளும் இதே காரணத்தால் அரிது. தொகையில் சுழியம் குறைவு என்று கழித்துவிடாதீர்கள்.

ஜெர்மன் பணவீக்க நோட்டுகளில் எனக்குப் பிடித்தது 1922 ஜனவரியில் வந்த பத்தாயிரம் மார்க். ஓவியர் டியூரர் வரைந்த இளைஞன் ஒருவனின் முகம் அதில் இருக்கும். தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் அவன் கழுத்தில் ஒரு ரத்தக்காட்டேரி வாய் வைத்திருப்பதுபோல் தெரியும். போர் இழப்பீடு கேட்டு ஜெர்மனியின் ரத்தத்தை உறிஞ்சும் பிரான்ஸ் அது என்று அன்றைய மக்கள் பேசிக்கொண்டார்கள். விலை என்னவோ மிகக் குறைவுதான். சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதல் நோட்டாகப் பரிந்துரைப்பேன்.

நகரங்களும் தொழிற்சாலைகளும் வெளியிட்ட நோட்கெல்ட் என்ற அவசரகாலப் பணம் தனி உலகம். 1920 முதல் 1922 வரை வந்த வண்ணப்படத் தொடர்கள் பல சேகரிப்பாளர்களிடம் விற்கவே அச்சிடப்பட்டவை. அழகானவை, மலிவானவை. பீலஃபெல்ட் நகரம் பட்டிலும் துணியிலும் அச்சிட்டது. அவற்றுக்கு மட்டும் எப்போதும் நல்ல கிராக்கி.

இனி ரஷ்யா. 1912 தேதியிட்ட ஐந்நூறு ரூபிளில் மகா பீட்டர், 1910 நூறு ரூபிளில் இரண்டாம் கேத்தரின். அளவிலும் அச்சு நேர்த்தியிலும் இவற்றுக்கு இணையான நோட்டுகள் குறைவு. பார்த்ததும் இது பெரிய விலை என்றுதான் தோன்றும். இங்கேயும் தேதியை நம்பக் கூடாது, கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும். நோட்டில் அரசு வங்கியின் மேலாளர் கையெழுத்தும் காசாளர் கையெழுத்தும் இருக்கும். மேலாளர் கோன்ஷின் என்றால் முந்தைய அச்சு, ஷிபோவ் என்றால் அதற்குப் பிந்தையது. 1898 தேதியிட்ட நோட்டுகளில் பிளெஸ்கே, திமாஷெவ் பெயர்கள் வந்தால் இன்னும் முந்தையவை. ஷிபோவ் கையெழுத்திட்ட தாள்களே மிக அதிகம். புரட்சிக்குப் பிறகும் அதே அச்சுத் தகடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே வடிவம், ஒரே தேதி, ஆனால் பெயர் மாறினால் விலை பல மடங்கு மாறும். சிரில்லிக் எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை. அந்தப் பெயரின் வடிவத்தைப் பெரிதாகப் படம் எடுத்து, அடையாளம் தெரிந்த நோட்டின் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

1917ஆம் ஆண்டின் இடைக்கால அரசு வெளியிட்ட 250 ரூபிள் நோட்டின் வடிவமைப்பில் ஸ்வஸ்திகா இருக்கும். அதைக் கண்டு நாஜிப் பணம் என்று விளம்பரம் செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முந்தைய ரஷ்ய நோட்டு அது. உண்மையான நாஜி காலத்து ரைக்ஸ்மார்க் நோட்டுகளும்கூட அரிதல்ல. கழுகும் சின்னமும் விலையை ஏற்றிச் சொல்ல விற்பவருக்கு உதவுகின்றன, அவ்வளவே.

உங்கள் கட்டில் அதிகக் கவனம் தேவைப்படுவது ஆஸ்திரிய ஆயிரம் குரோனன். 2 ஜனவரி 1902 தேதியிட்ட, ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கியின் நோட்டு. ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் ஹங்கேரியம். ஜெர்மன் பக்கத்தில் தொகை மட்டும் இன்னும் எட்டு மொழிகளில் சிறிதாக எழுதப்பட்டிருக்கும். ஒரு பேரரசு எத்தனை மக்களை ஒரே பணப்பையில் வைத்திருந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது. 1918இல் பேரரசு உடைந்தது. பிரிந்த நாடுகள் அனைத்திலும் புழக்கத்தில் இருந்தது ஒரே குரோன். தன் எல்லைக்குள் இருக்கும் பணத்தைப் பிரித்துக்கொள்ள ஒவ்வொரு நாடும் அதே நோட்டின்மேல் தன் அடையாளத்தைப் போட்டது. ஆஸ்திரியா டாய்ச்-ஓஸ்டர்ரைக் என்று செங்குத்தாக அச்சிட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1919 தொடக்கத்தில் எல்லையை மூடிவிட்டு நோட்டுகளில் தபால்தலை போன்ற வில்லைகளை ஒட்டியது. செர்ப், குரோட், ஸ்லோவேன் அரசும் முத்திரை குத்தி, பிறகு வில்லை ஒட்டியது. ருமேனியாவும் ஹங்கேரியும் தங்கள் முத்திரைகளைக் குத்தின. ஃபியூமே என்ற துறைமுக நகரம்கூடத் தனக்கென்று முத்திரை வைத்துக்கொண்டது.

இதில்தான் சிக்கல். அடிப்படை நோட்டு மிகச் சாதாரணம். ஆஸ்திரிய மேலச்சு உள்ளதும் சாதாரணம். ஆனால் ஃபியூமே முத்திரையோ வேறு சில வட்டார முத்திரைகளோ இருந்தால் விலை ஏறிவிடும். சாதாரண நோட்டும் ஒரு ரப்பர் முத்திரையும் கிடைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் "அரிய" நோட்டைத் தயாரித்துவிடலாம். நாட்டுக்கு நாடு குரோனின் மதிப்பு மாறியதால் அந்தக் காலத்திலேயே கள்ள முத்திரைகள் குத்தினார்கள். பின்னர் சேகரிப்பாளர்களுக்காக இன்னும் அதிகமாகக் குத்தினார்கள். முத்திரை மையைச் சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மை எப்படி இருக்கிறது? பழைய முத்திரை குத்திய பிறகு மடிப்பு விழுந்திருந்தால், மடிப்பின் முகட்டில் தாளோடு சேர்ந்து மையும் தேய்ந்திருக்கும். மடிப்புக்குள் மை இறங்கி ஊறியிருந்தால், தாள் நைந்த பிறகு யாரோ குத்திய முத்திரை அது. இது மட்டுமே இறுதிச் சான்றாகிவிடாது; முத்திரையின் வட்டத்தையும் எழுத்தின் உயரத்தையும் அசலோடு ஒப்பிட வேண்டும். ஆனால் மோசமான போலிகள் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும்.

ஹங்கேரியப் பெங்கோ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உலக வரலாற்றின் மிகக் கொடிய பணவீக்கம் அது. 1946இல் வெளியிட்ட உச்ச நோட்டு நூறு மில்லியன் பி-பெங்கோ. ஒரு பி-பெங்கோ என்றால் லட்சம் கோடி பெங்கோ. ஒன்றுக்குப் பின்னால் இருபது சுழியங்கள். அத்தனை சுழியத்தை எழுத இடமில்லாமல் தொகையைச் சொல்லில் எழுதினார்கள். அதைவிடப் பத்து மடங்கு பெரியதும் அச்சானது, புழக்கத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி ஃபோரிண்ட் என்ற புதிய பணம் வந்து எல்லாவற்றையும் துடைத்தது. உச்ச நோட்டுக்கு மட்டும் ஓரளவு விலை உண்டு, மற்றவை சில்லறை. 1945 டிசம்பரில் சில நோட்டுகளுக்கு அவற்றின் மதிப்பைப் போல மூன்று மடங்கு கொடுத்து வில்லை வாங்கி ஒட்டினால்தான் செல்லும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த வில்லைகள் ஒட்டிய பெங்கோ உங்களிடம் இருந்தால் வில்லையைப் பிய்த்துவிட வேண்டாம்.

வெள்ளை ஐந்து பவுண்டுக்கு வருகிறேன். பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1950களின் நடுப்பகுதி வரை வெளியிட்டு வந்த நோட்டு இது. வெள்ளைத் தாள், கறுப்பு மை, பின்பக்கம் வெறுமை. முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ பத்திரம் என்று நினைத்து எறிந்துவிடக்கூடும். 1957இல் நீல நோட்டு அதன் இடத்துக்கு வந்தது. 1961 மார்ச்சில் வெள்ளைத் தாள் செல்லாததானது. ஆனால் கடையில்தான் செல்லாது. தன் அசல் நோட்டு எத்தனை பழையதானாலும் அதன் முகமதிப்பை என்றும் தருவதாகப் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் உறுதி இருக்கிறது. அதனால் பெரும்பாலானவை வங்கிக்குத் திரும்பிவிட்டன. எஞ்சியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஐந்து பவுண்டைப் போலப் பல மடங்கு தருகிறார்கள். எக்காரணம் கொண்டும் இதை வங்கியில் மாற்றிவிடாதீர்கள்.

இதில் தேதி பொய் சொல்லாது. ஒவ்வொரு தாளிலும் அதற்குரிய நாள் அச்சாகியிருக்கும். கீழே தலைமைக் காசாளர் கையெழுத்து: ஹார்வி, மஹோன், கேட்டர்ன்ஸ், பெப்பியாட், பீல், ஓ'பிரையன் என்று வரிசையாகப் போகும். 1934 முதல் 1949 வரை இருந்த பெப்பியாட்டும் அடுத்து வந்த பீலும் அதிகம் கிடைப்பவை. தேதிக்குப் பக்கத்தில் லண்டன் என்றிருக்கும். லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஹல், பிளிமத் போன்ற கிளை ஊரின் பெயர் இருந்தால் மதிப்பு கூடுதல். பின்பக்கத்தில் யாராவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். ஐந்து பவுண்டு அன்று பெரிய பணம். வாங்கும் கடைக்காரர்கள் கொடுப்பவரின் பெயரைப் பின்னால் எழுதச் சொல்வது வழக்கம்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெர்ன்ஹார்ட் க்ரூகர் என்ற நாஜி அதிகாரி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இருந்த யூதக் கைதிகளைக் கொண்டு இந்த வெள்ளை நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சிட வைத்தார். 5, 10, 20, 50 பவுண்டுகளில் சுமார் 13 கோடி பவுண்டு மதிப்புக்கு அச்சானது. போர் முடிவில் மிச்சத்தை ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரியில் வீசினார்கள். 1943இல் பத்து பவுண்டு முதல் மேலான நோட்டுகளையெல்லாம் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நிறுத்திக்கொண்டது. அந்தக் கள்ள நோட்டுகளின் தரம் எப்படியென்றால், இன்று அவை தாமே சேகரிப்புப் பொருளாக, கள்ள நோட்டு என்று சொல்லியே ஏலத்தில் விற்கின்றன. உங்கள் தாளின் தேதி 1930களில் இருந்தால், சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றிடம் காட்டாமல் விற்க வேண்டாம். 1950களில் இருந்தால் இந்தக் குறிப்பிட்ட கவலை இல்லை.

சரி, ஒதுக்கி வைத்த இரண்டு ஜெர்மன் நோட்டுகள். "இரண்டிலும் ஒரு பெண் படம், இரண்டிலும் கிளாரா என்ற பெயர்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். பிரிந்திருந்த ஜெர்மனியின் இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு கிளாராவை நோட்டில் வைத்திருந்தன. பத்து மார்க்கில் இருப்பவர் கிளாரா செட்கின், சோஷலிஸ்ட் தலைவர். அது கிழக்கு ஜெர்மனி நோட்டு. நாடே போய்விட்டது, பணமும் போய்விட்டது, சில பத்து ரூபாய் கிடைத்தால் பெரிது. நூறு மார்க்கில் இருப்பவர் கிளாரா ஷூமன், பியானோ கலைஞர். அது மேற்கு ஜெர்மனியின் டாய்ச் மார்க். அதை ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் காலவரையறை இல்லாமல் இன்றும் மாற்றித் தருகிறது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற நிலையான விகிதத்தில் நூறு மார்க்குக்கு 51 யூரோவுக்குச் சற்று மேல். நேரில் போகத் தேவையில்லை. மைன்ஸ் நகரக் கிளைக்குப் படிவத்துடன் தபாலில் அனுப்பலாம். ஷூமன் நோட்டு சேகரிப்பாளருக்கு அரிதல்ல, ஆகவே வங்கிக்கே அனுப்புங்கள்.

யூரோவுக்கு முந்தைய பணம் எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்: இன்னும் மாற்றித் தருகிறார்களா? அயர்லாந்து பவுண்டு, பெல்ஜிய பிராங்க் நோட்டுகளுக்குக் காலவரையறை இல்லை. நெதர்லாந்தின் கில்டர் நோட்டுகளில் பலவற்றுக்கு 2032 ஜனவரி 1 வரை அவகாசம். ஆஸ்திரிய ஷில்லிங்கின் கடைசி வரிசைக்குக் கெடு இல்லை. ஆனால் ஓட்டோ வாக்னர் படம் போட்ட 500, ஷ்ரோடிங்கர் படம் போட்ட 1000 இரண்டும் 2018 ஏப்ரலில் காலாவதியாயின. பிரெஞ்சு பிராங்க் 2012இலேயே முடிந்துவிட்டது. இத்தாலிய லிரா, கிரேக்க டிராக்மா, ஸ்பானியப் பெசெட்டா, போர்ச்சுகீசிய எஸ்குடோ ஆகியவற்றின் கதவுகளும் மூடிவிட்டன. கதவு மூடிய நாட்டின் 1990களின் நோட்டு அரிதாக இல்லாதவரை அதற்கு முகமதிப்பில் சிறு பங்குகூடக் கிடைக்காது.

இனி நிலை. ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து. ஒன்று நூறு ரூபாய், மற்றொன்று ஆயிரம். நடுவில் இருப்பது மடிப்புதான். மடிப்பே இல்லாத, மூலை கூராக நிற்கும் தாள் உச்ச நிலை. நடுவில் லேசான ஒரு மடிப்பு விழுந்தால் அடுத்த படி. மூன்று நான்கு மடிப்பு விழுந்தும் மொடமொடப்பு போகாமல் இருந்தால் நல்ல நிலை. தாள் துவண்டு, ஓரம் கிழிந்து, அழுக்கேறினால் சாதாரண நிலை. பொதுவான நோட்டுக்கு அந்த நிலையில் வாங்குபவரே இருக்க மாட்டார். மிக அரிதான நோட்டு மட்டும் எந்த நிலையிலும் விற்கும். ஊசித்துளையைப் பற்றி ஒரு விதிவிலக்கு: பிரெஞ்சு வங்கிகள் நோட்டுகளை ஊசியால் குத்திக் கட்டும் பழக்கம் வைத்திருந்ததால் பழைய பிராங்க் நோட்டில் துளை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அங்கே சில துளைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே துளை ஜெர்மன் நோட்டில் இருந்தால் விலை குறையும்.

இதை அறிந்த விற்பனையாளர்கள் சிலர் தாளைக் கழுவி, அழுத்தி, இஸ்திரி போட்டுப் புதிதாக்குகிறார்கள். கண்டுபிடிப்பது கடினமல்ல. உயர்தர நோட்டுகளில் மை தாளின்மேல் மேடாக நிற்கும், விரல் நுனியில் உணரலாம். அழுத்திய தாளில் அந்த மேடு சப்பையாகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அழித்த மடிப்பின் கோடு தெரியும். புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஒளிரூட்டும் வேதிப்பொருள்கள் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது 1950களை ஒட்டித்தான். 1923 நோட்டு என்று சொல்லும் தாள் அந்த விளக்கில் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அது புதிய காகிதம் அல்லது சலவைத் தூளில் குளித்த பழைய காகிதம். உருப்பெருக்கியில் வண்ணக் கோடுகள் புள்ளிப் புள்ளியாகச் சிதறினால் அது கணினி அச்சு. நீர்க்குறி தாளுக்குள் இருக்க வேண்டும். மேலே சாம்பல் நிறத்தில் அச்சிட்டதாகத் தெரிந்தால் முடிந்தது கதை.

சின்ன அடையாளங்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1944 என்று போட்ட, நேச நாடுகளின் ராணுவ மார்க் நோட்டுகளை அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் என்ற அச்சகம் அச்சிட்டது; தன் பெயரின் முதல் எழுத்தை அலங்காரத்துக்குள் நுண்ணியதாக ஒளித்து வைத்தது. பிறகு அச்சுத் தகடுகளின் நகல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. அங்கே அச்சானவற்றில் அந்த எழுத்து இருக்காது, வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும். இந்தக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு நோட்டு சேகரிப்பு பாதி வசமாகிவிட்டது.

விலை அறிய முதலில் பட்டியல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொகுத்த வரிசையை ஒட்டி, உலகெங்கும் நோட்டுகளைப் பிக் எண்ணால்தான் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மன் நோட்டுகளுக்கு ரோசன்பெர்க் எண்ணும் உண்டு. நுண்ணிய வேறுபாடுகளுக்கு அதுவே மேல். நியூமிஸ்டா இணையதளத்தில் நாடு, ஆண்டு, தொகை கொடுத்து இலவசமாகத் தேடலாம். எண் கிடைத்த பிறகு, அதே எண், அதே கையெழுத்து, அதே நிலையில் உள்ள நோட்டு உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். இணையச் சந்தைகளில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி இருக்கிறது, ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளை வைத்திருக்கின்றன. ஏல முடிவில் வாங்குபவர் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள், இருபது சதவீதமோ அதற்கு மேலோகூட அது வித்தியாசம் தரும். வியாபாரி உங்களுக்குச் சில்லறை விலையில் பாதி சொன்னால் கோபப்பட வேண்டாம்; மலிவான நோட்டுக்கு அதைவிடக் குறைத்துத்தான் சொல்வார், அவருக்கு அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சரக்கு.

நோட்டைத் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். உங்கள் கட்டில் வெள்ளை ஐந்து பவுண்டுக்கு மட்டும் அது பொருந்தும். மற்றவற்றுக்குச் சான்றிதழ் கட்டணமே நோட்டின் விலையைத் தாண்டிவிடும்.

அதுவரை செய்யக் கூடாதவை: லேமினேஷன் செய்யாதீர்கள். நம் ஊரில் பத்திரப்படுத்துவதாக நினைத்து இப்படிக் கொல்லப்பட்ட நோட்டுகள் ஏராளம். ஒருமுறை உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியில்லை. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், தண்ணீரில் துடைக்காதீர்கள். பிவிசி உறை நாளடைவில் எண்ணெய் கசியும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை நல்லது. வெளிநாட்டில் விற்பதாக இருந்தால், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களின் ஏற்றுமதியை 1972ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதை நினைவில் வைத்து, அந்த வயதைத் தாண்டியவற்றை அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஷூமன் நோட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போதைக்கு எனக்கு மூன்று படங்கள் வேண்டும். ரஷ்ய நோட்டில் கையெழுத்து இருக்கும் கீழ்ப்பகுதி, வெள்ளை நோட்டின் தேதியும் ஊர்ப்பெயரும் உள்ள வரி, ஆஸ்திரிய நோட்டின் முத்திரை. முத்திரையை மட்டும் ஜன்னலோரத்தில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், மடிப்பு தெரியும்படி எடுங்கள்.